தும்புத்தடிக்குப் பின்னால்

ஒஸ்லோ நகரின் நடுவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கழிப்பறைகள் அத்தனையும் எனக்கு நேரில் பழக்கம். எந்த மாடியில் எந்தக் கதவு இறுகும், எந்தக் கண்ணாடியின் மூலையில் கறை போகாது, மூன்றாம் மாடிக்காரர்கள் கை துடைக்கும் தாளை ஏன் அப்படி வீணாக்குகிறார்கள், எல்லாம் அத்துப்படி. இருபத்திரண்டு வருடங்கள். அந்தக் காலத்துக்குள் நாலு நிறுவனங்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்தன, போயின. நான் போகவில்லை. போகத் தெரியவில்லை என்பதுதான் சரி.

இதைச் சொல்ல எனக்குத் துளி வெட்கமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரைக்காரர் "எங்கை வேலை?" என்று கேட்டால், நெஞ்சை நிமிர்த்தி "கிளீனிங்" என்பேன். கேட்டவரும் கிளீனிங்காக இருப்பார், அல்லது பத்து வருடம் செய்து முதுகு போய் விட்டவராக இருப்பார்.

"நிரந்தரமோ?"

"ஓம், நிரந்தரம்."

"அப்ப நல்லது."

அவ்வளவுதான். அடுத்தது வடை நல்லாயிருக்கிறதா என்ற கதைக்குப் போய்விடுவோம். எங்கள் சனத்துக்கு நோர்வேயில் கழிப்பறை கழுவுவது அரசாங்க உத்தியோகம் மாதிரி. ஊரில் இதே வேலையைச் செய்தவர்களை எங்கள் வீட்டு வாசற்படியில்கூட ஏறவிட்டதில்லை. விமானம் ஏறும்போது அந்தக் கதையைப் பெட்டியில் வைக்க எல்லாருமாகச் சேர்ந்து மறந்துவிட்டோம்.

ஆனால் எல்லாக் கதையையும் மறக்கவில்லை. சிலதைத் துவாயில் சுற்றி, உடையாமல் கொண்டுவந்து சேர்த்தோம்.

எனக்குத் தலைமயிர் வெட்டப் பிடிக்கும். இந்த ஒரு வசனத்தை எழுதுவதற்கு எனக்கு ஐம்பத்துமூன்று வயதாக வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் தலைமயிர் வெட்டுகிறவர்களுக்கென்று ஒரு தெரு இருந்தது, ஒரு கிணறு இருந்தது, ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருவில் பிறந்தவர்கள் வெட்டுவார்கள், நாங்கள் தலையைக் குனிந்து கொடுப்போம். அவர்களுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் தலை குனிந்தது அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான். வெட்டி முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்போம். நான் அந்தத் தெருவில் பிறக்கவில்லை. ஆகவே எனக்கு அந்த ஆசை வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது.

எப்படி வந்ததென்றால், நோர்வேயின் வடக்கே ஒரு அகதி முகாமில். அகதி விசாரணைக்குப் போகவேண்டிய ஒரு கூட்டாளி, தலையைப் பார்த்தால் விசாரிக்கிற அதிகாரியே பயந்துவிடுவார் போல இருந்தான். முகாமில் இருந்தது கோழி வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று. "வெட்டடா, என்னத்தையாவது செய்து விடு" என்றான். நான் பகிடிக்காரன். பகிடியாகத்தான் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பகிடி நின்றுவிட்டது. ஒரு மனிதனுடைய மண்டை உள்ளங்கைக்குள் வரும்போது எவ்வளவு சூடு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தப் பக்கம் மயிர் தானாகச் சாய்கிறது. அதோடு மல்லுக்கட்டாமல் போனால் கத்தரிக்கோலுக்கு வழி தெரிகிறது. வெட்டி முடிந்ததும் அவன் கண்ணாடியில் தலையை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான், சிரித்தான். முகாமில் அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம்.

பிறகு இருபத்திரண்டு வருடம் கழிப்பறை துடைத்தேன். துடைத்து முடித்த கழிப்பறையை யாரும் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில்லை.

முகாமில் எல்லாருக்கும் வெட்டினேன். அது பம்பல், வெறும் பகிடி. காசு வாங்காமல் வெட்டினால் பம்பல், வேலையாக வெட்டினால் சாதி. எங்கள் சட்டப் புத்தகம் அவ்வளவு துல்லியம். கல்யாணம் முடித்து ரொம்சோஸில் வீடு எடுத்த பிறகு மனைவி அந்தச் சட்டத்துக்கு இன்னும் சில உப பிரிவுகள் சேர்த்தாள். வெட்டுவதென்றால் நிலக்கீழ் அறையில் வெட்ட வேண்டும். கதவு பூட்டியிருக்க வேண்டும். வெட்டிய மயிரைக் கட்டி நான்தான் குப்பைக்குக் கொண்டுபோக வேண்டும். வாடிக்கையாளர்கள்: மகள், என்னோடு வேலை செய்த ஒரு போலந்துக்காரன், ஒரு சோமாலியாக்காரன். மகளைத் தவிரத் தமிழ்த் தலை ஒன்றுமில்லை. பழைய கணப்பு, சைக்கிள், கல்யாண அன்பளிப்பாக வந்து பிரிக்காமலே கிடந்த பாத்திரப் பெட்டிகள், இவற்றுக்கு நடுவே சனிக்கிழமைகளில் நான் ராசா மாதிரி நின்றேன். திங்கட்கிழமை திரும்பவும் வாளி.

ஒரு நாள் முழங்கால் இரண்டும் வேலை நிறுத்தம் செய்தன. ஐந்தாம் மாடியில் குனிந்தவன் நிமிரவில்லை. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முழங்காலில் நிற்கக் கூடாது என்றார். இந்த மூன்றையும் கழித்தால் கிளீனிங்கில் மிச்சம் இருப்பது கோப்பி இடைவேளை மட்டும்தான்.

சில மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு, இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் நோர்வேஜிய மொழி வாளி, துடைப்பம், விடுமுறை என்ற மூன்று சொல்லில் ஓடுவது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா அனுப்பினார், நான்தான் போகவில்லை. ஆகவே மகளைத் துணைக்குக் கூட்டிப்போனேன். அவள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அப்பாவுக்காக ஒரு விரிவுரையை விட்டுவிட்டு வந்தாள்.

அதிகாரி பெண் நல்லவள். நீலக் கண்ணாடி போட்டிருந்தாள். என்ன வேலை செய்யலாம் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு: உனக்கு எதைச் செய்யப் பிடிக்கும்?

ஐம்பத்துமூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் வாய்க்குள் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு "டாக்சி" என்றேன். எனக்கு வாகன ஓட்டுநர் அனுமதிப் பத்திரமே இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, ஏன் பொய் சொல்லுறீங்கள்?"

"நீ சும்மா இரு. அவவுக்கு டாக்சி எண்டு சொல்லு."

அவள் அதிகாரியிடம் திரும்பி நோர்வேஜிய மொழியில் நாலு வசனம் சொன்னாள். அதில் டாக்சி இல்லை. 'ஃப்ரிசோர்' என்ற சொல் இருந்தது. அது தலைமயிர் வெட்டுகிறவருக்கு இந்த ஊரில் உள்ள பெயர். அதிகாரியின் முகம் மலர்ந்தது. எவ்வளவு அருமை என்றாள். கணினியைத் தட்டினாள். இரண்டு கிழமைக்குள் எனக்கு ஸ்டோவ்னரில் ஒரு சலூனில் மூன்று மாதம் பயிற்சி வேலை என்று முடிவாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் நான் பூட்டி வைத்த கதவை ஒரு சின்னப் பெட்டை நாலு வசனத்தில் திறந்துவிட்டாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்.

"ஆருக்கப்பா பயப்பிடுறீங்கள்?" என்றாள் மகள்.

"உனக்கு விளங்காது."

"அப்ப விளங்கப்படுத்துங்கோ."

விளங்கப்படுத்தினேன். தெரு, கிணறு, பெயர். ரயில் மலைக்குள் புகுந்து வெளியே வரும்வரை விளங்கப்படுத்தினேன். எனக்கு முன்னால் இருந்த நோர்வேஜியக் கிழவி, நான் மகளைத் திட்டுகிறேன் என்று நினைத்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மற்றாக்களின்ரை டொய்லெட் கழுவுறது ஓகே?"

"அது ஓகே."

"மற்றாக்களின்ரை மயிர் வெட்டுறது ஓகே இல்லை?"

"இல்லை."

"அப்பா, இது ஹெல்ட் ஸ்ப்ரோ." முழு விசர், பைத்தியக்காரத்தனம் என்று அர்த்தம். நான் ஓம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சலூன் முடிவான செய்தியை மனைவி சமைத்துக்கொண்டே கேட்டாள். அகப்பை நின்றது.

"ஸ்டோவ்னரோ? எங்கடை சனம் முழுக்கச் சாமான் வாங்க வாற இடமெல்லே அது! வேறை இடம் கிடைக்கேல்லையோ? லில்லெஸ்ட்ரோம் பக்கம் கேட்டுப் பாக்கேலாதோ?"

"அங்கை கொண்ணர் இருக்கிறார்."

அவளுடைய அண்ணன் லில்லெஸ்ட்ரோமில் இருந்துகொண்டு ஒஸ்லோ முழுவதையும் தொலைபேசியில் ஆட்சி செய்பவர். யார் வீட்டில் யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், மாப்பிள்ளையின் தாத்தா எந்தத் தெரு, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். எங்கள் வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்பதை அவர் மாதத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவார்.

"அண்ணா அறிஞ்சா..." என்றாள். பிறகு அகப்பை திரும்பவும் சுற்றத் தொடங்கியது. "தெருக் கண்ணாடிப் பக்கம் நிக்காதேங்கோ. பின்பக்கமா ஒரு கதிரை கேளுங்கோ."

சலூனில் மூன்று கதிரைகள். தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி. முதலாளி ஒரு குர்திக்காரன். மெல்லிய ஆள், மீசை மட்டும் மொத்தம். அவனுக்கு உதவியாக ஒரு பெண் வெட்டினாள். நான் பின்கதிரையைக் கேட்டேன். அங்கே வெளிச்சம் குறைவு, பரவாயில்லையா என்றான். வெளிச்சம் குறைவுதான் வேண்டும் என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. மொழி இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முகக் கவசமும் போட்டுக்கொண்டேன். தொற்றுக் காலத்துப் பெட்டி ஒன்று வீட்டில் மிச்சம் கிடந்தது.

முதல் சில கிழமை, சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் சந்தோசமாக இருந்தேன். களைப்புத்தான். பின்னேரம் கால் வீங்கிச் சப்பாத்து கழற்ற முடியாது. ரொம்சோஸ் இரண்டாவது தரிப்புத்தான், அதற்குள் நித்திரையாகி நகர மத்திவரை போய்த் திரும்பி வந்த நாட்களும் உண்டு. ஆனால் அது வேறு விதமான களைப்பு. முதலாளி என் கையைத் தட்டித் தட்டித் திருத்தினான். கழுத்துப் பக்கம் மெஷினை எப்படிச் சாய்ப்பது என்று காட்டினான். நோர்வேஜியக் கிழவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கதைப்பதில்லை. எனக்கும் கதைக்க மொழியில்லை. இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் எங்கே கிடைக்கும்?

நாலாம் கிழமை முதல் தமிழர் வந்தார்.

கோயிலில் தேருக்கு வடம் பிடிக்க ஆள் சேர்க்கிறவர். சத்தமான மனிதர். கண்ணாடிக்கு வெளியே அவரைக் கண்டதும் என் கை தானாக இயங்கியது. கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தேன். சுவரோரம் சாத்தியிருந்த தும்புத்தடியை எடுத்தேன். கூட்டத் தொடங்கினேன். என் கதிரையில் ஒரு ஓய்வூதியக் கிழவர், பாதித் தலை வெட்டுப்பட்டு, பாதித் தலை காடாக, கண்ணாடியில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அட, நீரோ! இஞ்சை என்ன?"

"கிளீனிங்."

"இஞ்சையும் எடுத்திட்டீரோ? முழங்கால் ஏலாதெண்டு கதைச்சாங்கள்?"

"லைட் வேலைதான் அண்ணை. கூட்டுறது மட்டும்."

"கெட்டிக்காரன். சும்மா இருக்கக் கூடாது, என்ன?"

முதலாளி அவருக்கு வெட்டினான். நான் அவருடைய கதிரையைச் சுற்றிக் கூட்டினேன். அவர் கதையை நிறுத்தாமல் இரண்டு காலையும் தூக்கித் தந்தார். அவருடைய மயிரை அள்ளும்போது, முதலாளி வலப்பக்கம் கொஞ்சம் குட்டையாக வெட்டிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. கூட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? அரை மணி நேரம் கூட்டினேன். ஸ்டோவ்னரில் அவ்வளவு சுத்தமான தரை அன்றைக்கு வேறெங்கும் இருந்திருக்காது. அவர் போன பிறகு ஓடிவந்து கத்தரிக்கோலை எடுத்தேன். கிழவர், உனக்குச் சுகமில்லையா என்று கேட்டார். ஓம், கொஞ்சம் சுகமில்லை என்றேன். அது பொய் இல்லை.

இப்படி ஐந்தாறு தரம் நடந்தது. நோர்வேயில் இருக்கிற தமிழர் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் தலைமயிர் வளர்ந்துவிட்டது. நான் பாதித் தலையோடு விட்டுவிட்டு ஓடுவேன், முதலாளியோ அந்தப் பெண்ணோ வந்து முடித்துக் கொடுப்பார்கள். ஒரு தரம் அந்தப் பெண் பகிடியாக, உங்கள் ஆட்கள் எல்லாரும் உனக்குக் கடன் தந்தவர்களா என்று கேட்டாள்.

கடைசியில் முதலாளி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் ஊற்றித் தந்தான். ஏன் ஒளிக்கிறாய் என்றான். என்னுடைய மொழியில் சாதியை விளங்கப்படுத்துவது வாளியையும் துடைப்பத்தையும் வைத்துக்கொண்டு கோபுரம் கட்டுவது மாதிரி. எங்கள் ஊரில் மயிர் வெட்டுவது சின்ன ஆட்கள் என்றேன். குள்ளமானவர்களா என்றான். இல்லை, கீழே என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். என் அப்பாவும் வெட்டினார், அவருக்கு ஊரில் நல்ல பெயர் என்றான். பிறகு தேநீரை வைத்துவிட்டுச் சொன்னான்: "வெட்டத் தெரியாதவன் ஒளித்தால் எனக்கு விளங்கும். உனக்குக் கை நல்லாயிருக்கிறது. ஆனால் கதிரையை, கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குத்தான் தருவேன். பயிற்சி முடிய இரண்டு கிழமை இருக்கிறது."

நான் வீட்டில் இதைச் சொல்லவில்லை. திரும்பவும் வாளிக்கும் போக முடியாது, முழங்கால் விடாது. வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து சாகும்வரை தொலைக்காட்சி பார்க்கலாம். அதற்கு யாரும் கெட்ட பெயர் வைக்கவில்லை. ஒவ்வொரு இரவும் நாளைக்கு ஒளிக்கமாட்டேன் என்று படுத்தேன். ஒவ்வொரு பகலும் தமிழ் முகம் கண்டதும் என் கை தும்புத்தடிக்குப் போனது. பயம் மூளையில் இருந்தால் பேசிப் பார்க்கலாம். எனக்கு அது கையில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சலூனில் நெருக்கம். வெள்ளிக்கிழமையில் எல்லாரும் வார இறுதிக்குச் சாமான் வாங்க வருவார்கள். கதவைத் திறந்து ஒரு தமிழர் வந்தார். என் வயது இருக்கும், பாதி நரைத்த தலை, பஸ் சாரதிகளின் மேற்சட்டை. எனக்கு அவரைத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, தமிழ் தமிழ்தான். அப்போதுதான் ஒரு தலையை முடித்திருந்தேன். தும்புத்தடியை எடுத்தேன். என் கதிரை சும்மா நிற்பதைக் கண்ட அந்தப் பெண் தன்னுடைய வாடிக்கையாளரை அதில் இருத்திவிட்டாள். தாடிக்குச் சாயக்கூடிய அவளுடைய நடுக் கதிரையில் முதலாளி ஒருவருக்குத் தாடி இறக்கிக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்தது கண்ணாடியோரம் முதலாளியின் முன்கதிரை.

வந்தவர் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"இஞ்சை வேலையோ?"

"ஓம். கிளீனிங்."

"போன கிழமை இதாலை போனனான். நீங்கள் ஒரு வெள்ளைக்காரன்ரை தலையடியிலை நிண்டனீங்கள். அந்த மனுசனை என்ன, கிளீன் பண்ணினனீங்களோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மா ஒரு உதவிக்கு..."

"ஊரிலை எங்கை?"

சொன்னேன்.

"ஊரிலை எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் ஏன் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கம் தெரிந்தால் சாதி தெரியும். "கோயிலடிப் பக்கம்" என்றேன். சொல்லும்போது கையில் தும்புத்தடியோடு என் முதுகு தானாக நிமிர்ந்தது. அதை அவர் கண்டார். அவர் கண்டதை நானும் கண்டேன்.

"அப்ப சரி," என்றார். "நீங்கள் ஒளிக்கத்தானே வேணும்."

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"ஆர் கேட்டாலும் கொழும்பு எண்டுதான் சொல்லுறனான். முப்பது வருசமா கொழும்பு. பிளேன் ஏறுறதுக்கு முன்னம் நாலு நாள் அங்கை நிண்டனான், அவ்வளவுதான்."

பிறகு தரிப்பிடங்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது மாதிரி, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னார்:

"என்ரை அப்பர் வெட்டினவர். உங்களை மாதிரி ஆசைக்கில்லை. கோயிலடி ஆக்களின்ரை வீடுகளுக்குப் பின்பக்கத்தாலை போய் வெட்டிப்போட்டு, பின்பக்கத்தாலை வாறவர். இஞ்சை என்ரை பிள்ளையளுக்கும் தெரியாது."

எனக்கு வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் அப்படி நடந்தது குறைவு. அவர் மேல் ஒட்டிய ஒன்றை உரித்தெடுக்க முப்பது வருடமாக ஒளிக்கிறார். நான் அதில் ஒரு துளி என் சட்டையில் தெறித்துவிடுமோ என்று ஒளிக்கிறேன். இரண்டு பேரும் ஒளிப்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. என்னுடைய பயத்தை அவருக்கு முன்னால் வைத்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒண்டரைக்கு நான் பஸ் எடுக்கோணும். நீர் வெட்டுவீரோ, கூட்டுவீரோ?"

நீங்கள் போய் நீர் ஆகிவிட்டது.

தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன். அது வழுக்கி விழுந்து சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகக் கவசத்தைக் கழற்றினேன். முன்கதிரையைத் திருப்பி, "வாங்கோ, இருங்கோ" என்றேன்.

துணியைக் கட்டினேன். அவருடைய உச்சியில் இரண்டு சுழி. சீப்பு அந்த இடத்தில் இரண்டு தரம் தடுமாறியது. எங்களுக்கு அரை மீற்றர் தள்ளிக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைச் சனம் முழுக்கப் பைகளோடு போய்க்கொண்டிருந்தது.

"காதை உப்பிடிப் பிடிக்கிறேல்லை," என்றார் கண்ணை மூடிக்கொண்டே.

"அப்பர் எப்பிடிப் பிடிக்கிறவர்?"

"எனக்கென்ன தெரியும்? என்னை ஒருநாளும் பக்கத்திலை விடேல்லை. நான் பழகிப் போடக் கூடாதெண்டு பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினவர். கணக்கிலை நான் பள்ளிக்கூடத்திலையே முதலாம் ஆள்."

"நான் அஞ்சாம் வகுப்போடை விட்டனான்."

"பாத்தாலே தெரியுது," என்றார்.

அப்போதுதான் தேர்வடம் பிடிக்க ஆள் சேர்க்கிறவர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். இரண்டு கையிலும் பை. முதலில் கையைத் தூக்கப் போனார், பிறகு என் கையில் இருப்பதைக் கண்டார். என் கை எட்டுகிற தூரத்தில் தும்புத்தடி இல்லை. நான் தலையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. ஒரு பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள், அவர் என்ன பார்க்கிறார் என்று பார்த்தார்கள்.

"ஆக்கள் நிக்கினமோ?" என்று கேட்டார் கதிரையில் இருந்தவர். கண்ணைத் திறக்கவில்லை.

"ஓம்."

"எங்கடை ஆக்களோ?"

"ஓம்."

"கையை ஆட்டாதேயும். கழுத்தடி."

கையை ஆட்டவில்லை. கழுத்தடியை முடித்தேன், காதோரம் முடித்தேன், உச்சியில் அந்த இரண்டு சுழிக்கும் ஒரு சமாதானம் செய்துவைத்தேன். சலூனில் அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் முழுத் தலை ஒன்றை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரு தமிழருக்கு வெட்டினேன்.

அவர் எழும்பி முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இடப்பக்கம் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். உண்மைதான், கூடித்தான் போயிருந்தது. "அடுத்த முறை சரியா வெட்டும்." நன்றி சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு, வெளியே நின்றவர்களை விலக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளி தாடியை விட்டுத் தலையைத் தூக்காமலே, திங்கட்கிழமை வேலைக்கான பேப்பர்களைக் கொண்டு வா, ஆனால் முன்கதிரை என்னுடையது, உனக்குப் பின்கதிரைதான், நல்ல விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றான்.

அந்த விளக்குக்குக் கீழேதான் இப்போதும் நிற்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். தமிழ் முகம் கண்டால் கை இன்னமும் ஒரு தரம் சுவர்ப் பக்கம் துடிக்கும். கால் வீங்குகிறது, தோளும் இப்போது சேர்ந்து கொண்டுவிட்டது. முன்பு கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் வந்து இருந்தவர்களில் சிலர் இரண்டு மேசை தள்ளி இருக்கிறார்கள். வேறு சிலர் திங்கட்கிழமை காலையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, சலூனுக்குப் பின்கதவு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். பஸ்காரர் ஆறு கிழமைக்கு ஒரு தரம் வந்து குறை சொல்லிவிட்டுப் போகிறார்.

அன்றைக்கு அவர் போனதும், வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று பின்னறைக்குள் போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேரும், நான் வெட்டிப்போட்டன். முன்கதிரையிலை. தமிழ் ஆளுக்கு."

"தெரியும்."

"எப்பிடி?"

"அண்ணா எடுத்தவர். ஃபோட்டோவும் வந்திருக்காம்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்து எத்தனை நிமிடம் என்று யோசித்தேன். பத்து இருக்காது.

"என்னவாம்?"

"கக்கூஸ் கழுவினாலும் மரியாதையா இருந்த மனுசன் எண்டு சொல்லுறார். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் வந்தா ஆர் பதில் சொல்லுறதாம்."

அந்தப் பக்கம் சட்டியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளோ என்று காதை அழுத்திக் கேட்டேன். இல்லை, கடுகுதான்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"அடுப்பிலை மீன் கிடக்கு, கருகப் போகுது எண்டு சொல்லிப்போட்டு ஃபோனை வைச்சிட்டன்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே?"

"ஓம்."

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மீன் வாசம்கூட வராது. அது அவளுடைய அண்ணனுக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"எத்தினை மணிக்கு வருவியள்?" என்று கேட்டாள்.

ஆறு மணிக்கென்றேன். வெளியே முதலாளி என் பெயரைக் கூப்பிட்டான். அடுத்த ஆள் வந்து இருந்துவிட்டாராம்.